வேலிக் கதவிலிருந்து கொட்டகை வரை

என் வீட்டுக்காரர் மனிதர்களை இரண்டு வகையாகத்தான் பிரிப்பார். புல்லின் மேல் நடக்கிறவர்கள், பாதையில் நடக்கிறவர்கள். கூரியர் கொடுக்க வருகிறவர் முதல் வகை என்றால் பார்சலை வாங்கிக்கொள்வார், ஆனால் முகம் கொடுத்துப் பேச மாட்டார். வேலையில் இருந்த காலம் முழுக்க டிரைவிங் லைசென்ஸுக்கு டெஸ்ட் வைத்தவர். வெள்ளைக் கோட்டை டயர் தொட்டுவிட்டால் போதும், ஓட்டுகிறவர் அழுதாலும் கெஞ்சினாலும் ஃபெயில்தான். ஓய்வு பெற்றதும் ஃபெயில் போட ஆள் கிடைக்கவில்லை. அதனால் களைகளைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு புல்தரை. பெரிதொன்றும் இல்லை. துணி காயப்போட நாலு கொடி கட்டலாம், ஆனால் கட்ட எனக்கு அனுமதி கிடையாது. நிழல் விழுந்தால் புல் வெளுத்துவிடுமாம். புல் வெட்டுகிற மெஷின் பிளேடை அவரே தீட்டுவார். மொட்டை அடிக்கிற மாதிரி வெட்ட மாட்டார், நுனியை மட்டும் எடுப்பார். "ஒட்ட வெட்டினா மண்ணுல வெயில் படும், வெயில் பட்டா களை விதை கண்ணைத் திறந்துடும்" என்பார். தண்ணீர் விடுவது விடிந்ததும்தான், அதுவும் தினமும் இல்லை, விடுகிற அன்றைக்கு வேர் வரைக்கும் இறங்கும்படி விடுவார். தினமும் கொஞ்சம் கொஞ்சம் விட்டால் வேர் சோம்பேறி ஆகிவிடும் என்பது அவர் கட்சி. எங்கள் மகளை வளர்த்தபோதும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்.

புல்தரை ஓரத்தில் ஒரு சின்னக் கொட்டகை. அதில் மருந்து தெளிக்கிற கேன்கள் இரண்டு. ஒன்றில் இருப்பது களையை மட்டும் கொல்லும், புல்லைத் தொடாது. இன்னொன்று நடைபாதைக் கல் இடுக்குகளில் அடிக்க. அது பச்சையாக எதைக் கண்டாலும் விடாது. இரண்டுமே ஒரே கடையில் வாங்கிய வெள்ளைக் கேன்கள் என்பதால், எல்லாவற்றையும் கொல்கிற கேனின் கழுத்தில் என் பழைய சிவப்புச் சேலையின் கிழிசலைக் கட்டி வைத்திருந்தார். சேலை கேட்டபோது வாங்கித் தராதவர், கிழிந்ததும் ஞாபகமாக எடுத்துக்கொண்டார்.

பக்கத்து வீடுதான் சம்பந்தி வீடு. எங்கள் மகளும் அவர்கள் பையனும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசிப் பேசியே கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டார்கள். கல்யாணம் முடிந்த கையோடு வேலியை அறுத்து ஒரு ஆள் நுழைகிற அளவுக்குக் கதவு வைத்தோம். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி கடலில்தான். மகள் மாமனார் மாமியாரோடு அங்கே இருக்கிறாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம் என்றாலும் அது அவள் புகுந்த வீடு. அதை நான் ஒருநாளும் மறந்ததில்லை.

சம்பந்தி பேக்கரி வைத்திருக்கிறார். விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டப் போய்விடுவார். வீட்டுக்கு வரும்போது, முழங்கை வரை மாவோடு, வேலிக் கதவைத் திறந்துகொண்டு வந்து எங்கள் சமையல் மேடையில் ஒரு சூடான ரொட்டியை வைத்துவிட்டுப் போவார். வேண்டாம் என்றால் கேட்க மாட்டார். எங்கள் பேத்திக்கு அவர் வைத்த செல்லப் பெயர்தான் பன்னு. ஆளும் அப்படித்தான் இருப்பாள், உப்பலாக, மேலே லேசாகச் சிவந்து.

இப்படிப்பட்ட மனிதரின் புல்தரை இருந்த லட்சணம்தான் என் வீட்டுக்காரரின் தூக்கத்தைக் கெடுத்தது. கோரை ஒரு பக்கம் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். இன்னொரு பக்கம் மஞ்சளாகப் பூத்து, பிறகு பஞ்சு உருண்டையாகி, ஊதினால் விதை விதையாகப் பறக்கிற அந்தச் செடி. அதற்கு ஏதோ பெயர் இருக்கிறது. இவர் அதை 'அவன்' என்றுதான் சொல்வார். "அவன் மறுபடி பூத்துட்டான், பாத்தியா?" என்று காலையில் காபியோடு ஜன்னலில் நிற்பார். பன்னுவை இடுப்பில் வைத்துக்கொண்டு சம்பந்தி ஒவ்வொரு பஞ்சு உருண்டையாகப் பறித்து ஊதக் கொடுப்பார். குழந்தை எச்சில் தெறிக்க ஊதும், காற்று அதை அப்படியே எங்கள் பக்கம் கொண்டுவரும். இவர் காபி டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேத்திக்குக் கையசைப்பார்.

சம்பந்தியிடம் போய் 'உங்கள் தோட்டத்தில் களை மண்டிக் கிடக்கிறது' என்று சொல்ல முடியுமா? பெண் கொடுத்த இடம். உங்கள் வீட்டைக் கூட்டுங்கள் என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதான். "வாயைத் திறந்தீங்கன்னா பாருங்க" என்று நான்தான் அவரை அடக்கி வைத்திருந்தேன். ஒரு தடவை பொறுக்காமல், களையை வேரோடு நெம்பி எடுக்கிற இரும்பு முள் ஒன்றை வாங்கிச் சம்பந்திக்குப் பரிசு என்று கொடுத்தார். அவர் நெகிழ்ந்துபோய் அதைத் துடைத்துப் பேக்கரிச் சுவரில் மாட்டி வைத்துவிட்டார். வருகிறவர்களிடம் எல்லாம் சம்பந்தி கொடுத்தது என்று காட்டுகிறாராம். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் ரொம்ப நாள் பேசவே இல்லை.

பிறகு ஒரு நாள் காலையில் நான் எழுந்து வந்தபோது ஆள் ஏதோ முனகிப் பாடிக்கொண்டு காபி கலந்துகொண்டிருந்தார். எனக்கும் சேர்த்து. எங்கிருந்து வந்தது இந்தச் சந்தோஷம் என்று நான் கேட்கவில்லை, கிடைத்தவரை லாபம் என்று குடித்துவிட்டேன். மகள் பன்னுவைத் தூக்கிக்கொண்டு வந்ததும் ஓடிப்போய் வாங்கிக்கொண்டார்.

"பாப்பா இன்னைக்கு இங்கயே இருக்கட்டும்மா. அந்தப் பக்கம் புல்லு ஒரே ஈரம், சளி பிடிச்சுக்கும்."

மறுநாளும் அதையே சொன்னார். பேத்தி மேல் இவ்வளவு ஆசையா என்று நான் உருகிப்போனேன். மகளிடம்கூடச் சொன்னேன், உங்கப்பா உன்னை இப்படித் தூக்கி வச்சுக்கிட்டதே இல்லடி என்று.

அடுத்த சில நாட்களில் சம்பந்தி வீட்டு 'அவன்' தலை தொங்கினான். தண்டு முறுக்கிக்கொண்டு தரையில் படுத்தான். இவர் ஜன்னலில் நின்று ரசித்து ரசித்துக் காபி குடித்தார். பருவம் மாறுகிறது என்றார். பிறகு ஒரு காலையில் பாதிக் காபியை மேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சர்க்கரை குறைவா என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் எட்டிப் பார்த்தபோது அந்தப் புல்தரை முழுக்க மஞ்சள் அடித்திருந்தது. களை மட்டும் இல்லை, புல்லும்தான்.

நாளாக ஆகப் பழுத்து, காய்ந்து, கடைசியில் சாக்குப் பை நிறத்துக்கு வந்தது. சம்பந்தி வேலிக் கதவில் வந்து நின்றார்.

"சம்பந்தி, ஒரு நிமிஷம் வாங்களேன். நம்ம புல்லுக்கு என்னமோ ஆயிடுச்சு. உங்களைவிட்டா எனக்கு யாரைத் தெரியும்?"

நம்ம புல்லு என்றார். எல்லாரும் போய் நின்றோம். சம்பந்தியம்மாவும் என் மகளும் அந்தப் பக்கத்துப் படியில் நின்றார்கள். இவர் மண்டி போட்டு உட்கார்ந்து ஒரு கைப்பிடி புல்லை இழுத்தார். சும்மாவே புல்லைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுகிறவர். இன்றைக்கு யாருக்கும் சோறு கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஒரே வரியில் முடித்தார்.

"பூச்சியா இருக்கும். வேரைத் தின்னுற புழு."

டாக்டர் சொன்னதை நம்புகிற மாதிரி சம்பந்தி தலையை ஆட்டினார். சம்பந்தியம்மா நம்பவில்லை.

"புழுவும் இல்ல, பூச்சியும் இல்ல. வீடு துடைச்ச தண்ணிய இங்க கொண்டாந்து ஊத்தினதை நானே பாத்தேன். அதுல என்னென்ன ஆசிடு கலந்திருக்கோ, யாரு கண்டா."

யார் ஊற்றியது என்று அவர் சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. என் மகள் முகம் சிறுத்துவிட்டது.

"அது ஒரே ஒரு தடவைதான் அத்தை. பாப்பா அழுதுச்சுன்னு அவசரத்துல..."

"ஒரு தடவையோ ஒம்பது தடவையோ. போனது போச்சு, விடு."

சம்பந்தியம்மாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நாக்கு நீளம், அவ்வளவுதான். தினமும் சாயங்காலம் அந்தப் புல்லில் நாற்காலி போட்டுத் தலையை உலர்த்திக்கொண்டு உட்காருவார். பன்னு முதன்முதலாகத் தவழ்ந்தது அவர் நாற்காலியைப் பிடிக்கத்தான். அது காய்ந்தால் அவருக்குக் கோபம் வரத்தானே செய்யும்? இதையெல்லாம் நினைத்துக்கொண்டே நான் நின்றேன். என் வீட்டுக்காரர் இன்னும் குனிந்து மண்ணையே கிளறிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே மகள் என் சமையலறைக்கு வந்து அழுதாள். பேச முடியாமல் விம்மினாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அணைத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "வாளியைத் தூக்கிட்டு நாலு எட்டு நடந்து சாக்கடையில ஊத்தினா கை தேஞ்சா போயிடும்? உன்னால இன்னைக்கு நாங்க தலை குனிஞ்சு நிக்கறோம்" என்று பிடித்துக் காய்ச்சினேன். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வெளியே போனார். ஏற்கெனவே வெட்டி முடித்த புல் ஓரத்தைக் கத்தரியால் மறுபடி வெட்ட ஆரம்பித்தார்.

மறுநாள் சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் என் மகளின் குரல் கேட்டது. "தப்பு என் மேலதான் அத்தை. வேற யாரு ஊத்தியிருப்பாங்க. மன்னிச்சுக்குங்க." சம்பந்தியம்மா ஏதோ முணுமுணுத்தார். வேலிக்கு இந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில், என் வீட்டுக்காரர் கத்தரியைத் திறந்த வாக்கில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பின்வாசலிலிருந்து பார்த்த எனக்குப் பாவமாக இருந்தது. பெற்ற மனசு, பெண் அடுத்தவரிடம் கைகட்டி நிற்பதைத் தாங்க முடியவில்லை என்று நினைத்தேன். அன்றைக்கு ராத்திரி அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டேன்.

மாடி ஜன்னல் திரையைத் துவைக்கலாம் என்று ஒரு காலையில் ஸ்டூல் போட்டு ஏறினேன். அங்கிருந்து எங்கள் புல்தரை முழுக்கத் தெரியும். பச்சைப் பசேலென்ற அதன் நடுவில் பழுப்பாக ஏதோ கோடு மாதிரி. சில நாள் முன்னால் பார்த்தபோது வெறும் வெளுப்பாக இருந்தது, தண்ணீர் போதவில்லை போல என்று விட்டுவிட்டேன். இப்போது கோடு தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தது. வலது, இடது, வலது, இடது. வேலிக் கதவில் ஆரம்பித்துக் கொட்டகை வாசலில் போய் முடிந்தது. குதிகால், நுனி எல்லாம் தெளிவாக, யாரோ சுடச்சுடக் காலை வைத்து நடந்த மாதிரி புல் கருகியிருந்தது.

திரையை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்தேன். கொட்டகைக் கதவுக்கு வெளியே ஆணியில் அவருடைய ரப்பர் பூட்ஸ் தொங்கியது. ஒன்றை எடுத்துப் புல்லில் இருந்த தடத்தின் மேல் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. உள்ளே சிவப்புத் துணி கட்டிய கேனைத் தூக்கிப் பார்த்தேன். காலி.

திரும்பினால் பின்னாலேயே நிற்கிறார். நான் எதுவும் கேட்கவில்லை. பூட்ஸை மட்டும் காட்டினேன்.

"கொட்டகையில லைட்டைப் போட்டா அவங்க சமையக்கட்டுக்குத் தெரியும்னு போடல" என்றார். "கையில கிடைச்ச கேனை எடுத்துட்டுப் போயிட்டேன். இருட்டுல துணி தெரியல. களை மட்டும்தான் போகும், அவருக்கே தெரியாம நல்லது பண்ணிடலாம்னு..."

"நல்லது பண்றவரு எதுக்குங்க இருட்டுல போகணும்?"

ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். அடுத்தவன் வீட்டு வேலியைத் தாண்டிப் போய் மருந்து அடித்துவிட்டு, அது சொட்டச் சொட்டத் தன் புல்லிலேயே நடந்து வந்திருக்கிறார். ஒரு கோட்டைத் தொட்டதற்கு எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பியவர்!

"பொண்ணு மன்னிப்பு கேட்டப்ப அங்கதானே நின்னீங்க?"

அவர் கண் சிவந்தது.

இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, சொன்ன வாய் மூடுவதற்குள் மனசு வேறு பக்கம் ஓடியது. சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்தால்? 'உங்கப்பன் திருட்டுத்தனமா வந்து' என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்ட மாட்டாரா? கப்பலில் இருக்கிற மாப்பிள்ளை என்ன நினைப்பார்? தெரு என்ன பேசும்? இவர் மெதுவாக, "ஞாயித்துக்கிழமை வர்றாங்கல்ல, அப்ப சொல்லிடறேன்" என்றார். சரி என்றேன். எனக்கு அப்பாடா என்று இருந்தது. மகள் அந்த வீட்டில் தினமும் குனிந்துகொண்டு வளையவருகிறாள் என்று தெரிந்தும், எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருவது புல்லைப் பார்க்கத்தான். புதிதாக விதை போடப் போகிறாராம் சம்பந்தி, எங்கள் புல்தரையை வைத்துக்கொண்டு முதலிலிருந்து கற்றுக்கொள்ளப் போகிறாராம். காலையிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஓடினோம். வேலிக் கதவை ஒட்டின தடங்கள் மேல் பெரிய பிளாஸ்டிக் பாயை விரித்தது நான். நடுவில் இருந்தவற்றின் மேல் நாற்காலிகளைப் போட்டது அவர். கொட்டகைப் பக்கம் மூடுவதற்கு எதுவும் இல்லாமல், வெட்டின புல்லை வாரித் தூவினார். கொலை விழுந்த வீட்டில்கூட இவ்வளவு ஏற்பாடு நடக்காது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே எல்லாவற்றையும் செய்து முடித்தோம்.

வந்தார்கள். சம்பந்தி ஒரு தட்டு நிறைய பன் கொண்டுவந்தார். சம்பந்தியம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் பாயில், மாமியாருக்குக் கொஞ்சம் தள்ளி, பன்னுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உங்க புல்லு மாதிரி வரணும் சம்பந்தி. நான் இனிமே நீங்க சொல்றபடிதான்" என்றார் சம்பந்தி.

இவர் ஆரம்பித்தார். செத்த புல்லை வாரி எடுக்கணும், மண்ணைக் கிளறி மட்டம் பண்ணணும், விதை போட்டதும் மேலே மெல்லிசாக எரு தூவணும், முளைக்கிற வரைக்கும் யாரும் காலை வைக்கக் கூடாது. எல்லாம் சரியாகத்தான் சொன்னார், ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. சொல்ல வேண்டியதை எப்போது சொல்லப் போகிறார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வேண்டாம், எல்லாரும் பன் சாப்பிட்டு முடிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

பன்னு அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். நாலு எட்டு வைப்பாள், தொப்பென்று உட்காருவாள். மடியிலிருந்து நழுவி, நாற்காலிக் காலைப் பிடித்து எழுந்து, அங்கிருந்து தள்ளாடிப் போனாள். தூவின புல் அவள் காலில் பட்டு விலகியது. அடியில் இருந்த பழுப்புத் தடத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு தன் குட்டிக் காலைத் தூக்கி அதற்குள் வைத்தாள். பிடித்திருந்தது போல. அடுத்ததைத் தேடினாள். புல்லைக் காலால் தள்ளிவிட்டு அதிலும் காலை வைத்தாள்.

"அடி என் பன்னு! விழாம நடக்குதே பாருங்க!" என்று சம்பந்தி கை தட்டினார்.

கை தட்டல் கேட்டதும் குழந்தைக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு தடத்தையும் விடவில்லை. கடைசித் தடத்தில் நின்று, ஆணியில் தொங்கின பூட்ஸைக் கையால் தட்டி, "தாத்தா" என்றாள்.

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், கடவுளே. பிறகு சம்பந்தியின் சிரிப்பு நின்றது. அவர் கண் கொட்டகையிலிருந்து பன்னு வந்த வழியே பின்னால் வந்தது. நாற்காலிக் காலுக்கு நடுவில் வந்தது. சம்பந்தியம்மா குனிந்து பாயின் ஓரத்தைத் தூக்கினார். அங்கேயும் இருந்தது, வலது, இடது. அதற்கு நேராகத் திறந்திருந்த வேலிக் கதவு வழியே அவர்கள் வீட்டுக் காய்ந்த தரை தெரிந்தது.

சம்பந்திதான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"எங்க வீட்டுப் பூச்சி இங்கயும் வந்துடுச்சு போல சம்பந்தி. மன்னிச்சுக்குங்க. நான் முன்னாடியே கவனிச்சிருக்கணும்."

பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. புரிந்துகொண்டே, என் வீட்டுக்காரர் நுழைந்து தப்பிக்க ஒரு கதவைத் திறந்துவிடுகிறார். அதைவிடக் கேவலம், ஆமாம் என்று சொல்லித் தொலையுங்களேன் என்று நான் உள்ளுக்குள் கெஞ்சியதுதான்.

"பூச்சி பூட்ஸ் போட்டுக்கிட்டா வரும்?" என்றார் சம்பந்தியம்மா.

என் மகள் எழுந்து போய்ப் பன்னுவைத் தூக்கினாள். குழந்தையின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துத் துப்பட்டாவால் துடைத்தாள். சண்டைக் குரலே இல்லாமல் கேட்டாள்.

"அப்பா, இதைப் பாப்பா மிதிச்சா ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாதும்மா" என்றார் அவர். "காஞ்சு ரொம்ப நாளாச்சு. ஈரமா இருந்தாத்தான் தொடக் கூடாது."

அவ்வளவுதான். எல்லாம் அந்த ஒரு பதிலில் வந்துவிட்டது. பேத்திக்காகப் பயந்து வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அதனாலதான் அன்னைக்கு அவளை இங்கயே வச்சுக்கிட்டீங்களா?" என்றாள் மகள்.

"ஆமா."

பிறகு சம்பந்தியைப் பார்த்துக் கைகூப்பினார். "பூச்சி இல்ல சம்பந்தி. நான்தான்." சம்பந்தி தரையைப் பார்த்துக்கொண்டு, "விடுங்க, விடுங்க" என்றார். கூப்பின கையைப் பார்க்க அவருக்குத்தான் கூச்சமாக இருந்தது.

சம்பந்தியம்மா எழுந்தார். இப்போது வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. நேராக என் மகளிடம் போனார்.

"செய்யாத தப்புக்கு உன்னை மன்னிப்பு கேக்க வச்சுட்டேனேம்மா. என் வாய்க்கு ஒரு பூட்டுப் போட ஆளில்ல. வா, வீட்டுக்குப் போலாம்."

கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். நான் பெற்ற பெண் என்னைத் தாண்டிப் போனாள். அன்றைக்கு என் சமையலறையில் அவள் அழுதபோது நான் சொன்ன வார்த்தைகள் அவளுக்கு ஞாபகம் இருந்தன என்பது அவள் என்னைப் பார்க்காமல் போனதிலேயே தெரிந்தது. வேலிக் கதவில் மட்டும் நின்று திரும்பினாள்.

"அப்பா. அத்தைகிட்ட நான் மன்னிப்பு கேட்டப்ப, இந்தப் பக்கம் கத்தரிச் சத்தம் நின்னுச்சு. உங்களுக்குக் கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சும்மா" என்றார்.

மறுநாளும் ரொட்டி வந்தது. சூடாகத்தான் இருந்தது. சம்பந்தி மேடையில் வைத்துவிட்டு, "நல்லா வெந்திருக்கு, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் அதைத் தொடவில்லை. நான் நின்றுகொண்டே ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டேன், இறங்கவில்லை.

செத்த புல்லை நானே வாரிக் கொடுக்கிறேன், நானே விதைத்துக் கொடுக்கிறேன் என்று இவர் என்னிடம் சொல்லி அனுப்பினார். நேரில் கேட்க முகம் இல்லை. நான் போய்ச் சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே, "வரட்டும். பகல்ல வரட்டும்" என்றார்.

அப்படித்தான் போகிறார். வெயில் ஏறினதும், தெரு பார்க்க, வெறுங்காலோடு. கேன் எதுவும் இல்லை. பேக்கரிச் சுவரில் மாட்டியிருந்த முள்ளைச் சம்பந்தியே கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். மருந்து மண்ணில் இருக்கிற வரைக்கும் காத்திருந்து, பிறகு மண்ணைக் கிளறி விதை போட்டார். விதைத்தது முளைப்பதற்கு முன்னால் கோரைதான் வந்தது. மேலே எல்லாம் செத்தாலும் கிழங்கு அடியில் பத்திரமாக இருந்திருக்கிறது. பிடித்து இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும், அதனால் முள்ளால் ஆழமாக நெம்பி ஒவ்வொரு கிழங்காகத் தோண்டி எடுக்கிறார். நடுவில் 'அவன்' ஒருவன் முளைத்து மஞ்சளாகப் பூத்தான். பன்னு அதைப் பிடித்துக்கொண்டு தர மாட்டேன் என்றாள். விட்டுவிட்டார்.

எங்கள் புல்தரையில் அந்தத் தடங்கள் அப்படியேதான் இருக்கின்றன. ஒரு கைப்பிடி விதை தூவினால் மூடிவிடும், செய்யுங்களேன் என்றேன். "அங்க முதல்ல வரட்டும்" என்றார். மாடிக்குப் போனால் நான் இப்போது அந்த ஜன்னல் திரையை விலக்குவதில்லை.

நேற்று அவருக்குக் காபி எடுத்துக்கொண்டு வேலிக் கதவுக்குப் போனேன். அவர் மண்டி போட்டுக் கோரை எடுத்துக்கொண்டிருந்தார். என் மகள் வீடு துடைத்து முடித்து வாளியோடு பின்வாசலுக்கு வந்தாள். என்னையும் பார்த்தாள். வாளியைக் கொண்டுவந்து அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வெறும் தண்ணிதான்ப்பா" என்றாள். "எதுவும் கலக்கல. வேணும்னா கைவிட்டுப் பாத்துக்குங்க."

அவர் கையை விடவில்லை, தலையையும் தூக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு, இன்னும் ஒரு புல்கூட முளைக்காத அந்தத் தரையில் கால் படாமல் சுற்றிக்கொண்டு, வாசல் பக்கம் சாக்கடைக்குப் போனாள்.